பைக்குள் திறந்த சந்தை: டயாப்ளோ 3 ஏலக்கூடத்தின் 22 மாதங்கள்

2013 மே 7 அன்று அரக்கர்களைக் கொன்று பொருள் சேர்க்கும் டயாப்ளோ 3 இணைய விளையாட்டின் அமெரிக்க சர்வர்களில் 1.0.8 பேட்ச் (நிரல் திருத்தத் தொகுப்பு) நிறுவப்பட்டது. சில மணி நேரத்துக்குள் ஒருசில ஆட்டக்காரர்களின் கணக்கில் விளையாட்டின் நாணயமான தங்கம் ஊற்றெடுக்கத் தொடங்கியது. அவர்கள் செய்தது மிக எளிமையானது. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பொருளும் தங்கமும் வாங்கி விற்கும் ஏலக்கூடத்தில் பெருந்தொகையான தங்கத்தை விற்பனைக்கு வைத்தார்கள். உடனே விற்பனையை ரத்து செய்தார்கள். பிடித்தம் செய்யப்பட்டதைவிட அதிகமான தங்கம் அவர்களுக்குத் திரும்பி வந்தது. அதையே மறுபடியும் செய்தார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும், விளையாட்டை நடத்தும் பிளிஸார்ட் நிறுவனம் ஏலக்கூடத்தின் கதவைச் சாத்தியது. நகலான தங்கம் அதற்குள் பலர் கைக்கு மாறியிருந்தது.

டயாப்ளோ 3 ஏலக்கூடத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த வழுதான், அதாவது நிரல் பிழைதான், முதலில் நினைவுகூரப்படுகிறது. பதினோரு மாதங்களுக்குள் ஏலக்கூடமே மூடப்பட்டுவிட்டதால், வழுதான் அதைக் கொன்றது என்று நினைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வழு சிறியது, அதைக் கையாண்ட விதம் பாராட்டத்தக்கது. ஆட்டத்தைப் பாழாக்கியது, வழுவே இல்லாமல் கச்சிதமாக இயங்கிய பகுதி. ஆட்டக்காரரின் பையில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் உலகத்தில் உள்ள எல்லாருக்கும் விற்கலாம் என்ற ஒரே ஒரு வடிவமைப்பு முடிவு, பையின் அர்த்தத்தையே மாற்றிவிட்டது. இணைய விளையாட்டுக்கு இன்வென்டரி அமைப்பு, அதாவது ஆட்டக்காரரின் உடைமைகளைக் கணக்கு வைக்கும் நிரல், எழுதும் எவரும் இந்த நிகழ்வை நுணுக்கமாகப் படிக்க வேண்டும் என்று நான் விரும்புவது அதனால்தான்.

திரையில் பை, சர்வரில் பேரேடு

டயாப்ளோ 3-இல் 'ஐ' விசையை அழுத்தினால் திரையின் வலப்பக்கம் பை திறக்கும். பத்துக் கட்டம் அகலம், ஆறு கட்டம் உயரம். ஆக அறுபது கட்டங்கள். மோதிரமும் இடுப்புப் பட்டையும் ஒரு கட்டத்தில் அடங்கும். வாளும் மார்புக் கவசமும் மேலும் கீழுமாக இரண்டு கட்டங்களைப் பிடிக்கும். தங்கத்துக்குக் கட்டமே தேவையில்லை, அது அடியில் ஓர் எண்ணாக ஓடிக்கொண்டிருக்கும். ஊருக்குத் திரும்பினால் அங்கே ஒரு பெட்டகம் இருக்கும். ஒரே கணக்கில் உள்ள எல்லா நாயகர்களும் அதைப் பகிர்ந்துகொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியும் இந்தப் பை வெறும் படம். உண்மையான பை பிளிஸார்டின் சர்வரில் இருக்கிறது. அங்கே ஒரு வாள் என்பது ஒரு வரி: இந்தப் பொருளின் அடையாள எண், இதன் உரிமையாளர், இது இருக்கும் இடம், இதன் பண்புகள். வாளை மவுஸால் இழுத்துப் பெட்டகத்தில் போடும்போது உங்கள் கணினி எதையும் நகர்த்துவதில்லை. நகர்த்தும்படி சர்வரைக் கேட்கிறது. சர்வர் சரிபார்த்து, அந்த வரியில் 'இடம்' என்ற ஒரு புலத்தை மட்டும் மாற்றுகிறது. வாளை இன்னொருவருக்குக் கொடுத்தால் 'உரிமையாளர்' என்ற புலம் மாறும். அவ்வளவுதான்.

விற்பனைதான் சிக்கலானது. வாங்குபவரின் தங்கம் குறைய வேண்டும், விற்பவரின் தங்கம் கூட வேண்டும், வாளின் உரிமை மாற வேண்டும். மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றுமே நடக்கக் கூடாது. இரண்டு நடந்து மூன்றாவது நடக்கும் முன் சர்வர் விழுந்தால் ஏதோ ஒன்று காணாமல் போகும், அல்லது ஏதோ ஒன்று இரண்டாகும். காணாமல் போனால் ஆட்டக்காரர் புகார் செய்வார். இரண்டானால் யாரும் வாய் திறக்க மாட்டார். இன்வென்டரி நிரலில் நகலெடுக்கும் வழுக்கள் நெடுநாள் மறைந்தே இருப்பதற்கு இந்த மௌனம் ஒரு முக்கியக் காரணம்.

டயாப்ளோ 2 விட்டுச்சென்ற காயம்

2000-ஆம் ஆண்டு வெளியான டயாப்ளோ 2-இல் இந்த மௌனம் பல ஆண்டுகள் நீடித்தது. அங்கே பை பத்துக்கு நான்கு கட்டம். ஒரு கவசம் இரண்டு கட்ட அகலமும் மூன்று கட்ட உயரமும் பிடிக்கும். ஆட்டக்காரர் சுமக்கக்கூடிய தங்கத்துக்கு உச்சவரம்பு இருந்தது, செத்தால் அதிலும் ஒரு பகுதி போய்விடும். ஆகவே தங்கத்தை யாரும் மதிக்கவில்லை. மதிப்புள்ள பொருளை வாங்கி விற்க, ஒரு கட்டத்தில் அடங்கும், எல்லாருக்கும் பயன்படும், கிடைப்பதற்கு அரிதான ஒன்று வேண்டியிருந்தது. 'ஸ்டோன் ஆஃப் ஜோர்டான்' என்ற மோதிரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. எந்த வடிவமைப்பாளரும் திட்டமிடாமல், ஒரு மோதிரம் நாணயமானது. பையின் கட்ட அளவு ஒரு பொருளாதாரத்தின் நாணயத்தைத் தீர்மானித்தது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் விஷயம்.

நாணயம் என்று ஆனதும் கள்ள நாணயமும் வந்தது. ஆட்டக்காரரின் நிலை ஒரு நேரத்திலும், அவர் இருந்த ஆட்டத்தின் நிலை இன்னொரு நேரத்திலும் சேமிக்கப்படும்போது, இரண்டுக்கும் நடுவில் சர்வரைத் தடுமாறச் செய்தால் ஒரே மோதிரம் இரண்டு இடங்களில் பதிவாகிவிடும். இப்படி உருவான நகல்கள் சந்தையை நிரப்பின. ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாள எண் இருந்ததால் ஒரே எண்ணுள்ள இரண்டு மோதிரங்களைத் தேடி அழிக்க முடிந்தது. பிளிஸார்டும் அழித்தது. ஆனால் பணம் கொடுத்து அந்த மோதிரத்தை வாங்கிய ஆட்டக்காரர், அது நகல் என்று அறியாதவராக இருந்தாலும், ஒரு நாள் பையைத் திறந்தபோது கட்டம் காலியாக இருப்பதைத்தான் கண்டார்.

2003-இல் வந்த 1.10 பேட்ச் இன்னொரு வழியை முயன்றது. இந்த மோதிரங்களைக் கடைக்காரரிடம் விற்றால், எத்தனை விற்கப்பட்டன என்ற எண்ணிக்கை அந்தச் சர்வரில் இருக்கும் எல்லார் திரையிலும் தோன்றும். போதுமான அளவு விற்றதும் விளையாட்டின் தலைமை அரக்கனான டயாப்ளோ, பலமடங்கு வலிமையோடு உலகத்துக்குள் இறங்கும். அதைக் கொல்பவருக்கு வேறெங்கும் கிடைக்காத ஒரு தாயத்து. கள்ள நாணயத்தைப் பறிமுதல் செய்யாமல், மக்கள் தாங்களாகவே முன்வந்து அதை எரிக்க ஒரு திருவிழா நடத்தியதைப் போன்ற ஏற்பாடு இது. இன்வென்டரி வடிவமைப்பின் வரலாற்றில் இதைவிட அழகான தீர்வு ஒன்றை நான் கண்டதில்லை.

இதற்கெல்லாம் வெளியே இன்னொரு சந்தை ஓடிக்கொண்டிருந்தது. டயாப்ளோ 2 பொருட்களை உண்மைப் பணத்துக்கு விற்கும் இணையதளங்கள் முளைத்தன. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளைத் தராமல் போவது, கணக்கைத் திருடிப் பொருளை உருவிக்கொள்வது என்று ஏமாற்றுகள் பெருகின. டயாப்ளோ 3-ஐ வடிவமைத்தவர்களின் மனதில் இருந்தது இந்த அனுபவம்தான். எப்படியும் விற்பார்கள் என்றால் பாதுகாப்பாக, எங்கள் கூரைக்குக் கீழே விற்கட்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த நினைப்பில் நியாயம் இருந்தது.

ஏலக்கூடம் இயங்கிய விதம்

உண்மைப் பணத்தில் ஏலம் நடக்கும் என்பது 2011 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. விளையாட்டு 2012 மே 15 அன்று வெளியானது. முதல் 24 மணி நேரத்தில் 35 லட்சம் பிரதிகள் விற்றன. எப்போதும் இணையத்தில் இணைந்திருந்தால்தான் ஆட முடியும் என்ற நிபந்தனையால், முதல் நாள் நெரிசலில் எத்தனையோ பேர் 'பிழை 37' என்ற செய்தியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிபந்தனைக்கும் பைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பொருள் உங்கள் கணினியில் இருந்தால் அதை நீங்கள் திருத்திவிடலாம். சர்வரில் மட்டும் இருந்தால் திருத்த முடியாது. திருத்த முடியாத பொருளைத்தான் பணத்துக்கு விற்க அனுமதிக்க முடியும்.

தங்கத்தில் நடக்கும் ஏலக்கூடம் ஆட்டத்தோடு சேர்ந்தே வந்தது. உண்மைப் பண ஏலக்கூடம் அமெரிக்காவில் ஜூன் 12 அன்று திறந்தது. தென் கொரியாவில் அந்த வசதி இல்லாமல்தான் விளையாட்டு தரச் சான்று பெற்று வெளியானது.

ஒரு வாளை விற்கும் பயணத்தைப் பின்தொடர்ந்து பார்ப்போம். அரக்கன் விழுகிறான், தரையில் ஒரு வாள் கிடக்கிறது. அதை எடுத்தால் இரண்டு கட்டங்களில் அமர்கிறது. ஊருக்குத் திரும்பி ஆட்டத்தை விட்டு வெளியேறி ஏலக்கூடத்தைத் திறந்தால், பையும் பெட்டகமும் அங்கே வரிசையாகத் தெரியும். வாளைத் தேர்ந்து விலை குறித்ததும் அது பையை விட்டுப் போய்விடும். இனி ஏலக்கூடத்தின் காவலில் இருக்கும். ஒரே நேரத்தில் பத்துப் பொருட்களை மட்டுமே இப்படி வைக்கலாம். விற்றதும் தொகை 'முடிந்தவை' என்ற பக்கத்தில் வந்து நிற்கும். அங்கிருந்து ஒரு பொத்தானை அழுத்திப் பெட்டகத்துக்கு அனுப்ப வேண்டும். தங்க ஏலத்தில் 15 சதவீதம் பிடித்தம். உண்மைப் பண ஏலத்தில் ஆயுதத்துக்கும் கவசத்துக்கும் ஒரு டாலர் கட்டணம். அதிகபட்ச விலை 250 டாலர். கிடைத்த பணத்தை பேபால் கணக்குக்கு எடுக்க நினைத்தால் மேலும் 15 சதவீதம். 250 டாலருக்கு விற்றவர் கைக்குப் போய்ச் சேர்வது சுமார் 211 டாலர்.

பொருளைக் காவலில் எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது. விற்பனைக்கு வைத்த வாளை அதே நேரத்தில் அணிந்துகொண்டு சண்டைக்குப் போக முடியாது, இன்னொருவருக்குக் கொடுத்துவிடவும் முடியாது. பணம் போய்ப் பொருள் வராத பழைய ஏமாற்றுக்கு இங்கே இடமே இல்லை. ஆட்டக்காரருக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவில் நம்பிக்கை தேவைப்படாத வர்த்தகம் என்ற இலக்கை அது எட்டியது.

மே 7: ஓர் எண்ணின் அகலம்

தங்கத்தை டாலருக்கு விற்கும் பகுதியில் ஒரு குறைந்தபட்ச விலை இருந்தது. ஒரு கட்டுத் தங்கம் 25 சென்ட்டுக்குக் குறைவாக விற்கக் கூடாது. ஒரு கட்டு என்பது பத்து லட்சம். ஆனால் தங்கத்தின் மதிப்பு மாதந்தோறும் சரிந்துகொண்டே வந்தது. அரக்கர்களிடமிருந்து ஓயாமல் தங்கம் கொட்டியது, தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் அதை அள்ளின, செலவழிக்கும் வழிகளோ குறைவு. வெளிச்சந்தையில் விலை 25 சென்ட்டுக்கும் கீழே போனபோது அதிகாரபூர்வ ஏலத்தில் தங்கம் விற்காமல் தேங்கியது. ஆகவே 1.0.8 பேட்ச்சில் கட்டின் அளவை ஒரு கோடியாக உயர்த்தினார்கள்.

ஓர் எண் பத்து மடங்கானது. அந்த எண் பாயும் பாதை முழுவதும் அதைத் தாங்குமா என்று பார்க்காமல் விட்ட இடத்தில் உடைந்தது. 32 இருமக் கட்டங்களில் (பிட்) கூட்டல், கழித்தல் குறியோடு எழுதப்படும் முழு எண்ணுக்கு 2,147,483,647 என்பது உச்சம். அதாவது இரண்டின் 31-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு. கட்டின் அளவு பெரிதானதும், ஒரே விற்பனையில் அந்த எல்லையைத் தாண்டிய தொகையை வைக்க முடிந்தது. அப்படி வைத்து ரத்து செய்தால், பிடித்ததைவிட அதிகம் திரும்பியது.

இது எப்படி நடக்கக்கூடும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். ஒருவர் 600 கோடித் தங்கத்தை விற்பனைக்கு வைக்கிறார். ரத்தானால் திருப்பித் தர வேண்டிய தொகையை ஒரு நிரல் முழுமையாக 600 கோடி என்று குறித்துக்கொள்கிறது. கணக்கிலிருந்து கழிக்கும் நிரல் அந்த எண்ணை 32 கட்டங்களுக்குள் திணிக்கிறது. 600 கோடியில் இரண்டின் 32-ஆம் அடுக்கான 4,294,967,296 வெட்டுப்பட்டு, மிஞ்சும் 1,705,032,704 மட்டும் கழிகிறது. ரத்து செய்ததும் 600 கோடி முழுதாகத் திரும்புகிறது. ஒரு சுற்றில் 429 கோடி லாபம். அடுத்த சுற்றுக்குக் கையில் முதல் இன்னும் பெரிது.

வழுவைத் தூண்டவே சுமார் 200 கோடிக்கு மேல் தங்கம் கையில் இருக்க வேண்டும். அவ்வளவு வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். பேரேட்டில் அபூர்வமாக மட்டுமே வரும் தொகைகளைச் சோதனையில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வழு அங்கேதான் பதுங்குகிறது. சேதம் பரவாமல் தடுத்ததும் இதே சங்கதிதான். தயாரிப்பு இயக்குநர் ஜான் ஹைட் பின்னர் வெளியிட்ட விளக்கத்தின்படி, வழுவைத் தம் லாபத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 415 பேர். பரிவர்த்தனைப் பதிவுகளைத் தடம்பிடித்து, நகலான தங்கத்தில் 85 சதவீதத்துக்கும் மேல் திரும்ப எடுத்துவிட்டார்கள். தடை செய்யப்பட்டவர்களின் ஏலங்களில் வந்த தொகையை, பிளிஸார்டின் கட்டணம் உட்பட, குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு நிதி திரட்டும் ஓர் அறக்கட்டளைக்கு அளிப்பதாகவும் அறிவித்தார்கள்.

எல்லாக் கணக்குகளையும் பேட்ச்சுக்கு முந்தைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள் என்று அப்போது பலர் கேட்டார்கள். ஹைட் மறுத்தார். சர்வர்களை நீண்ட நேரம் நிறுத்த வேண்டியிருக்கும், குற்றம் செய்யாத எல்லாரும் அன்று ஆடிச் சம்பாதித்ததை இழப்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து. டாலர் கைமாறிய ஒரு சந்தையில் பழைய நிலைக்குத் திரும்புவது சாத்தியமே இல்லை. வாளைப் பின்னோக்கி எடுத்துவிடலாம், பேபாலுக்குப் போன பணத்தை எடுக்க முடியாது. 415 பேரைத் தனித்தனியாகப் பிடிக்க முடிந்ததற்கு, எந்தத் தங்கம் எங்கிருந்து எங்கே போனது என்று ஒவ்வோர் அசைவும் எழுதப்பட்டிருந்ததே காரணம். நிரல் எழுதும் நண்பர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இன்வென்டரியில் 'இப்போது என்ன இருக்கிறது' என்று மட்டும் சேமித்துவைத்தால், வழு வந்த நாளில் உங்களிடம் இருப்பது தவறான ஒரு எண் மட்டுமே. எப்படி இந்த நிலைக்கு வந்தது என்ற வரலாறும் இருந்தால்தான் நல்லதிலிருந்து கெட்டதைப் பிரிக்க முடியும்.

இதே சிக்கலை வேறு இடங்களிலும் பார்க்கிறோம். 2021 நவம்பரில் அமேசானின் நியூ வேர்ல்ட் விளையாட்டில் தங்கம் நகலானபோது, ஆட்டக்காரர்களுக்கு இடையே செல்வம் கைமாறும் எல்லா வழிகளையும் மொத்தமாக மூடி வைத்தார்கள். 2015 டிசம்பரில் வால்வ் நிறுவனம், கணினி விளையாட்டுகளை விற்கும் தன் ஸ்டீம் தளத்தில் மாதந்தோறும் சுமார் 77,000 கணக்குகள் திருடப்பட்டுச் சூறையாடப்படுவதாகச் சொன்னது. திருடப்பட்ட பொருள் அதற்குள் ஒன்றும் அறியாத இன்னொருவரிடம் விற்கப்பட்டிருக்கும். பறிகொடுத்தவருக்கு நகல் ஒன்றைச் செய்து கொடுத்தால் அரிய பொருளின் அருமை குறையும். கொடுக்காவிட்டால் அவருக்கு அநியாயம். நிறுவனமே நகலெடுக்க வேண்டிய நிலை. கடைசியில் அவர்கள் கண்ட வழி, கைப்பேசி உறுதிப்பாடு இல்லாத வர்த்தகத்தைச் சில நாட்கள் நிறுத்தி வைத்து, பொருள் கைமாறும் முன்பே திருட்டைத் தடுப்பது.

சரியாக இயங்கியதால் வந்த கேடு

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

டயாப்ளோ வகை விளையாட்டின் உயிர், தரையில் விழும் பொருள். அரக்கன் செத்து விழும் அந்த நொடியில், கீழே விழுவது இதுவரை கிடைக்காத ஒன்றாக இருக்கலாம் என்ற எதிர்பார்ப்புக்காகத்தான் ஒரே குகையை நூறு முறை சுற்றுகிறோம். பொருளின் பண்புகள் தற்செயலாக அமையும். அந்தக் காலத்து டயாப்ளோ 3-இல் காட்டுமிராண்டி வீரனுக்கு வலிமை வேண்டும், மந்திரவாதிக்கு அறிவு வேண்டும். ஆனால் மந்திரவாதியாக ஆடினாலும் வலிமை தரும் கவசம் விழும், அறிவு தரும் பிரமாண்டக் கோடரி விழும். தனியாகப் பார்த்தால் கிடைப்பதில் பெரும்பகுதி உங்களுக்கு ஆகாது.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். உங்களுக்கு உண்மையிலேயே பொருத்தமான கவசம், விழும் பத்தாயிரம் பொருட்களில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவில் நூறு பொருட்களைப் பார்க்கிறீர்கள். சராசரியாக நூறு இரவுகளுக்கு ஒருமுறை அது கிடைக்கும். ஒரு லட்சம் பேர் அதே இரவில் ஆளுக்கு நூறு பொருட்களைப் பார்த்தால், அன்றைக்கே அப்படிப்பட்ட ஆயிரம் கவசங்கள் உலகில் பிறந்துவிடும். அவற்றில் பெரும்பாலானவை அவற்றைக் கண்டெடுத்தவர்களுக்குப் பயன்படாது. ஏலக்கூடம் அந்த ஆயிரத்தையும் உங்கள் முன்னால் விலைவாரியாக அடுக்கி வைக்கிறது.

நூறு இரவுகள் அலைவதா, பத்து நிமிடம் தேடல் பெட்டியில் பண்புகளைக் குறித்து வாங்கிவிடுவதா? யாராக இருந்தாலும் இரண்டாவதைத்தான் செய்வார்கள். குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருமுறை அப்படி வாங்கி அணிந்துகொண்டபின், தரையில் விழும் ஒவ்வொரு பொருளும் அந்தப் பிரமாண்டச் சந்தையில் தேர்ந்தெடுத்த பொருளோடு போட்டியிட வேண்டும். தோற்றுக்கொண்டே இருக்கும். அதன்பின் ஆட்டக்காரர் தரையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. 'இதை அணியலாமா?' என்ற கேள்வி போய், 'இது எவ்வளவுக்குப் போகும்?' என்ற கேள்வி வருகிறது. பையின் அறுபது கட்டங்களும் ஒரு வியாபாரியின் சரக்கு அறையாகின்றன.

பொருட்கள் அழிவதும் இல்லை. அணிந்து பழகிய கவசத்தைப் புதிது வந்ததும் மீண்டும் விற்கலாம். அது அடுத்தவருக்குப் போகும், அவரிடமிருந்து இன்னொருவருக்கு. சந்தைக்குள் வருவது நிற்கவில்லை, வெளியே போவது மிகக் குறைவு. நடுத்தரமான பொருட்களின் விலை ஒன்றுமில்லாமல் போனது, மிகச் சிறந்தவற்றின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. புதிதாக வந்தவர் கண்டெடுப்பவை எல்லாம் அந்த ஒன்றுமில்லாத வரிசையில்தான் இருக்கும்.

ஆட்டத்தின் இயக்குநராக இருந்த ஜே வில்சன், 2013 மார்ச்சில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஏமாற்றுகள் குறையும் என்ற தங்கள் கணிப்பு பலித்தது என்றும், சிறு பகுதியினர் மட்டுமே ஏலக்கூடத்தைப் பயன்படுத்துவார்கள் என்ற கணிப்பு பொய்த்தது என்றும் சொன்னார். ஏறக்குறைய எல்லாருமே பயன்படுத்தினார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் வாடிக்கையாகவே பயன்படுத்தினார்கள். அரக்கனைக் கொல்வதைவிடப் பணம் வலிய தூண்டுதலாகிவிட்டது என்பது அவர் பேச்சின் சாரம். உண்மைப் பண ஏலக்கூடத்தைவிடத் தங்க ஏலக்கூடமே அதிகச் சேதம் விளைவித்தது என்பதையும் அவர் சொன்னார். அது மிகவும் முக்கியமான கவனிப்பு. வெளியில் எல்லாரும் டாலரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நோய்க்குக் காரணம் டாலர் என்றால் தங்க ஏலக்கூடம் பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. எந்த நாணயமானாலும் உராய்வே இல்லாமல் எல்லாரின் பையும் ஒரே சந்தையில் கலந்தால் விளைவு ஒன்றுதான்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பும் அமைந்தது. 2013 செப்டம்பர் 3 அன்று இதே விளையாட்டு பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளுக்கு வந்தது. அதில் ஏலக்கூடம் இல்லை. அதற்கேற்ப, பொருட்கள் குறைவாகவும் ஆட்டக்காரருக்குப் பொருத்தமாகவும் விழும்படி மாற்றியிருந்தார்கள். அதே அரக்கர்கள், அதே குகைகள். ஆட்டம் வேறாக இருந்தது, விழுந்ததை எடுத்து அணியும் பழைய மகிழ்ச்சி திரும்பியிருந்தது. ஆனால் அங்கே சேமிப்புக் கோப்பு ஆட்டக்காரரின் கருவியிலேயே இருந்ததால், கோப்பைத் திருத்தி உருவாக்கிய அசாத்திய ஆயுதங்கள் விரைவில் உலவத் தொடங்கின. கணினிப் பதிப்பில் பேரேடு பத்திரமாக இருந்தது, வேட்டை செத்திருந்தது. கருவிப் பதிப்பில் வேட்டை உயிரோடு இருந்தது, பேரேட்டுக்குப் பூட்டு இல்லை.

மூடலும் அதன் விலையும்

செப்டம்பர் 17 அன்று ஜான் ஹைட்டும் புதிய இயக்குநர் ஜாஷ் மொஸ்கேராவும் இரண்டு ஏலக்கூடங்களையும் மூடப்போவதாக அறிவித்தார்கள். அரக்கரைக் கொன்று நல்ல பொருள் பெறுவது என்ற ஆட்டத்தின் அடிப்படையையே ஏலக்கூடம் அரித்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். விளையாட்டுப் பெட்டியின் அட்டையிலேயே விளம்பரப்படுத்திய ஒரு வசதியை, வருமானம் தந்துகொண்டிருந்த ஒரு வசதியை, தவறு என்று சொல்லிப் பிடுங்கி எறிய எத்தனை நிறுவனங்கள் துணியும்? அதற்காக அவர்களை நான் மனமார மதிக்கிறேன்.

2014 பிப்ரவரி 25 அன்று வந்த 2.0.1 பேட்ச், பொருள் விழும் முறையைத் தலைகீழாக மாற்றியது. குறைவாக விழும், ஆனால் நீங்கள் ஆடும் நாயகனுக்கு ஏற்ற பண்புகளோடு விழும். மார்ச் 18 அன்று ஏலக்கூடங்கள் மூடப்பட்டன. ஒரு வாரத்தில், மார்ச் 25 அன்று, ரீப்பர் ஆஃப் சோல்ஸ் விரிவாக்கம் வெளியானது. பலர் ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

அதோடு இன்னொரு விதியும் வந்தது. 'லெஜண்டரி' எனப்படும் மிக அரிய தொன்மப் பொருட்கள் அனைத்தும் கண்டெடுத்தவரின் கணக்கோடு கட்டப்பட்டன. அது விழுந்த நேரத்தில் அதே ஆட்டத்தில் உடன் இருந்தவர்களுக்கு மட்டும் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். அதன்பின் யாருக்கும் கொடுக்க முடியாது. பேரேட்டின் பார்வையில் இது மிகச் சுத்தமான தீர்வு. உரிமையாளர் புலமே மாறாத பொருளை நகலெடுத்து என்ன பயன், யாருக்கு விற்பது?

ஆனால் இந்தக் கட்டு, வியாபாரியோடு சேர்த்து நண்பனையும் வெளியே தள்ளிவிட்டது. அண்ணன் மாதக்கணக்கில் சேர்த்துவைத்த பழைய வில்லை, இன்று புதிதாக ஆடத் தொடங்கும் தங்கைக்குக் கொடுக்க முடியாது. வேறு ஊரில் இருக்கும் தோழனின் நாயகனுக்கு மிகச் சரியாகப் பொருந்தும் கவசம் நேற்றிரவு உங்களுக்குக் கிடைத்தது. அவன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான் என்றால் அது அவனுக்கு இல்லை, உடைத்து உதிரியாக்க வேண்டியதுதான். பல பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டில், கொடுப்பதைவிட இனிய செயல் எது? பத்து டாலருக்கு முன்பின் தெரியாதவருக்கு விற்பதும் தங்கைக்குக் கொடுப்பதும் சர்வரின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. இரண்டிலும் உரிமையாளர் புலம் மாறுகிறது, அவ்வளவே. வேறுபாட்டைச் சர்வருக்குப் புரியவைப்பதற்குப் பதிலாக, இரண்டையும் சேர்த்து அடைத்தார்கள். அவசரத்தில் அது தேவைப்பட்டிருக்கலாம். நிலையான தீர்வாக அதை ஏற்க என்னால் முடியவில்லை.

டயாப்ளோ 4 இந்தக் கேள்வியோடு இன்னும் மல்லுக்கட்டுகிறது. 2023 ஜூனில் வெளியானபோது அதில் சில வகைப் பொருட்களை மட்டும் நேருக்கு நேர் கைமாற்ற அனுமதித்தார்கள், ஏலக்கூடம் வைக்கவில்லை. ஆகஸ்டிலேயே தங்கமும் பொருளும் நகலாவது தெரியவந்து வர்த்தகத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

வேறொரு வழியை 'லெவன்த் ஹவர் கேம்ஸ்' (Eleventh Hour Games) நிறுவனம் 2024 பிப்ரவரியில் முழு வடிவில் வெளியிட்ட 'லாஸ்ட் இபாக்' விளையாட்டு காட்டியது. அங்கே ஆட்டக்காரர் இரண்டு குழுக்களில் ஒன்றைத் தேர்கிறார். வணிகர் குழுவில் சேர்ந்தால் சந்தையில் வாங்கலாம், விற்கலாம். அப்படி வாங்கிய பொருளில் முத்திரை விழும், குழுவை விட்டால் அதை அணிய முடியாது. இன்னொரு குழுவில் சேர்ந்தால் சந்தை கிடையாது, ஆனால் தரையில் விழும் பொருள் கூடுதலாகவும் சிறப்பாகவும் இருக்கும். டயாப்ளோ 3-இல் எல்லார் மேலும் திணிக்கப்பட்ட சந்தை, இங்கே விரும்பியவர் மட்டும் நுழையும் கூடமாகிறது. வேட்டையை விரும்புபவரின் தரை அதனால் வற்றுவதில்லை.

பரிசுக்கும் அங்கே தனியாக ஒரு வழி உண்டு. இருவர் சேர்ந்து ஆடும்போது எப்போதாவது 'ரெசனன்ஸ்' என்ற ஒரு பொருள் விழும். அது அந்த நண்பரின் பெயரோடு பிணைந்திருக்கும்; அதைச் செலவழித்து, சேர்ந்து ஆடாத நேரத்தில் கண்டெடுத்த பொருளையும் அவருக்குக் கொடுக்கலாம். சர்வருக்குப் புரியாத நட்பை, சேர்ந்து ஆடிய நேரத்தின் சான்றாகப் பேரேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். விற்பனைக்கு இந்தச் சான்று பயன்படாது, முன்பின் தெரியாத ஒருவரோடு அது சேராது. இதைத்தான் அடுத்து இன்வென்டரி எழுதுபவர்கள் எடுத்து வளர்க்க வேண்டும் என்பது என் ஆசை: உரிமையாளர் புலத்தின் பக்கத்தில், கொடுப்பவரும் பெறுபவரும் எத்தனை நேரம் தோளோடு தோள் நின்று ஆடினார்கள் என்ற இன்னொரு புலம்.